பெயின்ட் அடித்த வீட்டுக்குக் கடன் இல்லை

தெருவுக்குள் நுழைந்ததுமே வாசனை வந்துவிட்டது. புதுப் பெயின்ட் வாசனை. யார் வீட்டிலோ கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

திண்டிவனத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற தெரு அது. மூட்டை இறக்கும் லாரி ஏதாவது ஒன்று தெருவின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆட்டோக்காரர் அங்கேயே இறக்கிவிட்டார். நான் தேடி வந்தது ஒரு பழைய வீட்டை. கடன் மனுவோடு வந்த புகைப்படங்களில் அந்த வீட்டின் காரை உதிர்ந்திருந்தது, மரத்தூண்கள் கறுத்திருந்தன. நடுக்கூடத்து உத்திரம் ஒன்று உளுத்துப்போய், கீழே ஒரு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து நின்றது. பார்க்கவே பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால்தான் எனக்கு அந்த வீட்டைப் பிடித்திருந்தது.

சொன்ன இடத்தில் அந்த வீட்டைக் காணோம். அங்கே வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு வீடு பளபளவென்று நின்றது. தூணுக்கெல்லாம் தங்க நிறம். ஜன்னல் கம்பிக்கெல்லாம் வெள்ளி நிறம். வாசலில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். அவர் சலவை மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்த அம்மா கையில் பயணப் பையோடு நின்று அழுதுகொண்டிருந்தார்.

"எஸ்தர் அம்மா வீடு?" என்றேன்.

"இதான் மேடம். வாங்க, வாங்க. நான் அவங்க ஊட்டுக்காரு, தேவராஜ்."

"லோனுக்குப் போட்டிருந்தீங்களே, அந்தப் பழைய வீடு எங்கங்க?"

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பழசு இன்னும் எங்க மேடம் இருக்கு? ஆபீசரு வர்றாங்க, ஊட்ட அப்டியா வச்சிருப்பாங்க? ஒரு வாரமா ஆளுங்கள வச்சிக்கினு அடிச்சி முடிச்சிட்டோம்ல!"

சுவரில் கை வைத்தேன். ஒட்டியது.

பழசாக இருந்தால் போதும்

என்னுடைய முதல் மேலாளரைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்றே இத்தனை வாரமாகச் சொல்லவில்லையே" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில், வீட்டுக் கடன் கொடுக்கிற ஓர் அரசு சார்ந்த அலுவலகத்தில் பொறியாளர். கடன் கேட்டவரின் வீட்டை நேரில் போய்ப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

அதில் சில காலம் ஒரு விசித்திரமான திட்டம் என் கைக்கு வந்தது. பழைய கட்டடங்களை இடிக்காமல், அதே மாதிரி பழுது பார்க்கிறவர்களுக்கு அரசுப் பணத்தில் கடன். நகையை அடகு வைத்து வாங்கும் கடனோடு ஒப்பிட்டால் அதன் வட்டியை வட்டி என்றே சொல்ல முடியாது. நிபந்தனை ஒன்றுதான். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பிலேயே பூச வேண்டும், மரம் இருந்த இடத்தில் மரத்தையே போட வேண்டும். சிமென்ட் கூடாது.

மற்ற கடன்களுக்கு மக்கள் தங்கள் வீடு புதிது, உறுதியானது என்று சத்தியம் செய்வார்கள். இதற்கு மட்டும் எல்லாரும் தலைகீழாகச் சத்தியம் செய்தார்கள். பனமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மலைமேல் கோயில் கட்டிய பல்லவர்கள் மீந்துபோன கல்லில் தன் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். கல் என்னவோ கல்தான். கொட்டகையின் கூரைத் தகரத்தில் கம்பெனி முத்திரை அழியாமல் இருந்தது.

திருவாமாத்தூரில் ஓர் அம்மா, கோயிலுக்குப் போகும் வழியில் என்னை நிறுத்திக் கேட்டார்: "பழசா இருந்தாப் போதும், காசு குடுப்பியாமே? எங்க மாமியாரக் கூட்டியாரட்டுமா?"

மாமியாரும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எங்கள் மூவரில் அவர்தான் அதிகம் சிரித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் சட்டையில் நீலம்

தேவராஜ் செய்ததை நினைத்து நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிக்க வராது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யாராவது முக்கியமானவர் வருகிறார் என்றால் முதலில் வாங்குவது பெயின்ட்தான். பொங்கலுக்கு அடிப்பது தனி. பெண் பார்க்க வந்தால் அடிப்போம். பிள்ளையின் வேலைக்காக விசாரிக்க யாரோ வருவார்கள் என்று கேள்விப்பட்டால் அடிப்போம். வருகிறவரை மதிக்கிறோம் என்பதைச் சுவர்தான் முதலில் சொல்ல வேண்டும். பழைய சுவரைக் காட்டுவது, குளிக்காமல் கொள்ளாமல் விருந்தாளி முன்னால் வந்து நிற்கிற மாதிரி.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா முதல் நாள்தான் கூடத்துக்கு நீலம் அடித்து முடித்தார். மழைக்காலம், காயவில்லை. சுவர் பக்கம் யாரும் போய்விடாமல் அம்மா நாற்காலிகளை நடுக்கூடத்தில் வட்டமாகப் போட்டு வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா கேசரி சாப்பிட்டு முடித்த திருப்தியில் நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்திச் சுவரில் சாய்ந்தார். எழுந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் எங்கள் வீட்டு நீலம் முழுசாக இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த முதுகோடேயே அவர் பஸ் ஏறிப் போனார்.

சம்பந்தம் நடந்துவிட்டது. அந்தச் சட்டையை என் மாமனார் கடைசிவரை வைத்திருந்தார், என்னைக் கேலி செய்ய வேண்டிய நேரத்தில் எடுத்துக் காட்டுவார். அதை இன்னொரு வாரம் எழுதுகிறேன், இப்போது திண்டிவனத்தில் என்னை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறேன்.

பெயர் வைத்த நிறங்கள்

தேவராஜின் தொழிலே பெயின்ட் அடிப்பதுதான். அந்த ஊரில் அவர் அடிக்காத தெரு இல்லை. தன் வீட்டுக்கு மட்டும் அவர் அடித்ததே இல்லை. சீசனில் நேரம் இருக்காது. சீசன் இல்லாதபோது காசு இருக்காது. அவர் மனைவி எஸ்தர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குப் போனவர், நான் போய் நின்ற அந்தக் காலையில்தான் திரும்பியிருந்தார். அவர் இல்லாத ஒரு வாரத்தில், தன்னோடு வேலை செய்கிற ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு தேவராஜ் மொத்த வீட்டையும் முடித்திருக்கிறார். ஆட்கள் கூலி வாங்கவில்லை. "அண்ணன் ஊடு" என்று வந்து செய்தார்களாம்.

எஸ்தர் அழுதது சந்தோஷத்தில்.

தேவராஜ் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, உள்ளே இருக்கிற ஆளை அறிமுகப்படுத்துவதுபோல நிறத்தை அறிமுகப்படுத்தினார்.

"இது மல்லாட்டைத் தோலு மேடம். உரிச்சா உள்ள மெல்லிசா இருக்கும் பாருங்க, அந்தத் தோலு. இது கேப்பைக் கூழு, ஆறுனது. சூடா இருக்கச்சொல்ல வேற கலரா இருக்கும். கம்பெனிக்காரன் டப்பா மேல நம்பரு போடுறான். நம்பர வச்சிக்கினு என்னா பண்றது? நான் கலக்குறதுக்கு நானே பேரு வச்சிக்கிறேன்."

மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வேர்க்கடலையை. நடுக்கூடத்துக்கு வந்தோம். முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்புக்கும் தங்க நிறம் அடித்திருந்தார்.

கடைசியாகப் படுக்கை அறை. இங்கே மட்டும் அவர் எந்தப் பெயரும் சொல்லவில்லை. நீலமும் இல்லாத, ரோஜா நிறமும் இல்லாத ஒரு நிறம். ஜன்னல் பக்கத்தில் ஒரு மாதிரியும் மூலையில் ஒரு மாதிரியும் இருந்தது. நான் பார்த்த வீடுகளில் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை.

"இதுக்குப் பேரு?" என்றேன்.

"வைக்கல மேடம்." கூச்சத்தோடு மனைவியைப் பார்த்தார். "இவ நைட் டூட்டி முடிச்சிட்டு பஸ்ஸ விட்டு எறங்குவா. நான் வண்டிய வச்சிக்கினு நின்னுக்கினு இருப்பேன். அப்ப வானம் ஒரு கலர்ல இருக்கும். கொஞ்ச நேரந்தான், அப்புறம் வெயிலு வந்துடும். அத்தப் புடிக்கத்தான் இத்தினி வருசம் கலக்கிப் பாத்தேன்."

எஸ்தர் பையைக் கீழே வைக்கவே மறந்து நின்றார்.

அந்த இரண்டு பேரிடமும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?" என்றேன்.

முன்வாசல்

தண்ணீர் குடித்துக்கொண்டே நேரம் கடத்துவதற்காக, "இந்த வீடு உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன். எஸ்தர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னார். சிவப்புத் தரை. அதை மட்டும் தேவராஜ் ஒன்றும் செய்யவில்லை. "தரையத் தொட்டா கொன்னுடுவேன்னு எப்பவோ சொல்லி வச்சிருக்கேன்" என்றார் எஸ்தர்.

அது ஒரு வக்கீலின் வீடு. எஸ்தரின் அம்மா அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை செய்தவர்.

"எங்கம்மா முன்வாசல்ல காலு வைக்கக் கூடாது மேடம். பின்னால சந்து வழியா வந்து கதவத் தட்டணும். கூடத்தப் பெருக்கலாம். கூடத்துல ஒக்காரக் கூடாது. நான் சின்னப் புள்ளயா சந்துலயே நின்னுக்கினு இருப்பேன்."

பிறகு வக்கீல் குடும்பம் ஊரைவிட்டுப் போய், வீடு பூட்டிக் கிடந்து, வௌவால் அடைந்து, விலைக்கு வந்தது. உத்திரம் உளுத்த வீட்டை வாங்க ஆளில்லை. எஸ்தர் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வாங்கினார். இடித்துவிட்டு நல்லதாகக் கட்டு என்று எல்லாரும் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை.

எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. அம்மாவைப் பின்வாசலில் நிற்க வைத்த வீட்டை ஏன் காப்பாற்ற வேண்டும்? கேட்டேவிட்டேன்.

"ஊரு இன்னும் இத்த வக்கீல் ஊடுன்னுதான் சொல்லுது மேடம். வக்கீலு ஒரு நாளு இந்தத் தரையத் தொட்டிருப்பாரா? தெனமும் தொட்டது எங்கம்மா. அவங்க பெருக்கிப் பெருக்கித்தான் இது இப்டி வழவழன்னு இருக்கு. கிரயம் முடிஞ்ச அன்னிக்கு அம்மாவ முன்வாசல் வழியாக் கூட்டியாந்தேன். கூடத்து நடுவுல சேர் போட்டு ஒக்காருங்கன்னேன். ஒக்காரல. தொடப்பம் எங்கன்னு தேடுறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் ஒக்காந்தாங்க. ஒக்காந்தவங்க அந்த எடத்த விடலயே! கர்த்தர் கூப்புட்டுக்கிற வரைக்கும் அங்கதான் சேரப் போட்டுக்கினு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காப்பி போடச் சொல்லி என்னை அதிகாரம் பண்ணிக்கினு இருந்தாங்க. இத்த எப்டி மேடம் ஒடைக்கிறது?"

இப்போது உத்திரம் உடைய இருந்தது. மழைக்காலம் அதிக தூரத்தில் இல்லை. வங்கிகள் இந்த வீட்டின் பேரில் ஒன்றும் தராது. உத்திரம் விழுந்தால் வீட்டை விற்க வேண்டியதுதான். துணிக்கடைக்காரர் ஒருவர் மனைக்கு விலை சொல்லி வைத்துவிட்டுக் காத்திருந்தார். எஸ்தருக்கு எங்கள் கடனைத் தவிர வேறு வழி இல்லை.

பவுடர் போட்ட நோயாளி

தண்ணீர் தீர்ந்துவிட்டது. சொல்லத்தான் வேண்டும்.

"நான் வந்ததே விரிசல் எங்கே இருக்கு, ஈரம் எங்கே ஏறியிருக்குன்னு பார்க்கத்தாங்க. நீங்க எல்லாத்தையும் பட்டி மாவு வெச்சு மூடிட்டீங்க. அதோட இது சுண்ணாம்புச் சுவர். மேல இந்தப் பெயின்ட் அடிச்சா உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம, சுவர் பொரிஞ்சு கொட்டிடும். இப்ப இருக்கிற மாதிரி இருந்தா கடன் கொடுக்க முடியாதுங்க."

தேவராஜுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. நெஞ்சு மெல்ல இறங்கியது.

எஸ்தருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருப்பவர் அல்லவா. "நோயாளி மூஞ்சிக்கு பவுடர் போட்டு, பொட்டு வச்சி, டாக்டர்கிட்ட கூட்டியாந்தா எப்டிங்க?" என்றார் கணவரிடம். கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் கோபம் இல்லை.

"எனக்கு என்னா எஸ்தரு தெரியும்? ஊரு ஊடெல்லாம் அடிச்சிக்கினு திரியுறேன். பழசக் காட்டுனாத்தான் காசுன்னு ஒருத்தனும் சொல்லலியே."

விழுப்புரம் திரும்பி மேலாளரிடம் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் மேஜையில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை இருக்கும். படம் பார்த்ததும் உரிப்பதை நிறுத்தினார்.

"என்னாம்மா இது, ரிசார்ட்டா? இதுக்குப் பழைய கட்டடம்னு கடன் குடுத்தா ஆடிட்ல என்னை உரிச்சிடுவாங்க."

"பெயின்ட்டை எடுத்துட்டா?"

"யாரு எடுப்பா? அடிச்சவன் மனசு வருமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஃபைலை மூட வேணாம். மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருக்கேன். ஜல்தியா முடிக்கச் சொல்லு" என்று பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். அவர் யாரிடமாவது பரிவு காட்டுகிறார் என்றால் மல்லாட்டை நகரும்.

தேவராஜுக்குப் போன் செய்து சொன்னேன். "சொரண்டிட்றேன் மேடம்" என்றார்.

அந்த ஒரு அறை

அடுத்த வாரம் வேறொரு வீடு பார்க்க அந்தப் பக்கம் போனவள், மனம் கேட்காமல் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன்.

கூடம் முழுக்கத் தூசி. தேவராஜ் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பட்டி வைத்த அதே தகட்டால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஈரத் துணியால் ஒற்றி, ஊற விட்டு, சுண்ணாம்பு பெயராமல் மெல்ல மெல்ல. தனியாகத்தான் செய்தார். ஆட்களைக் கூப்பிடவில்லை. அடித்ததைச் சுரண்டுவதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். மல்லாட்டைத் தோல் போய்விட்டது. கேப்பைக் கூழ் பாதி போயிருந்தது. கீழே நிறம் மங்கிய பழைய சுண்ணாம்பும், அதன்மேல் ஓடிய விரிசல்களும் தெரிந்தன.

படுக்கை அறைக் கதவு சாத்தியிருந்தது. எஸ்தர் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்க மேடம். இத்தினி ரூம்பு சொரண்டியாச்சு. இந்த ஒரு ரூம்ப விட்டா ஒங்க கவர்மென்ட்டு கொறஞ்சா பூடும்? கதவச் சாத்திட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்கும் அதே ஆசைதான். சாத்திய கதவைத் தாண்டிப் போய்விடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். ஆனால் அண்ணாந்து பார்த்தேன். உளுத்த உத்திரத்தின் ஒரு முனை அந்த அறைச் சுவரில்தான் போய் உட்கார்ந்திருந்தது. வீட்டிலேயே நான் கட்டாயம் பார்க்க வேண்டிய சுவர் அது ஒன்றுதான்.

"சட்டத்தை விடுங்க எஸ்தர் அம்மா. அந்த உத்திரத்தை மாத்தினா மொத்தப் பாரமும் இந்தச் சுவர் மேல ஏறும். பட்டிக்குக் கீழே என்ன இருக்குன்னு தெரியாம எப்படி ஏத்துறது? ராத்திரி நீங்க படுக்கிற இடம் இது."

எஸ்தர் எழுந்திருக்கவில்லை. "எனக்கு இந்த ஊட்ல ஒருத்தரும் ஒண்ணும் பண்ணது இல்ல மேடம். எல்லாம் நானே பண்ணிக்கினேன். மொத மொத இவரு பண்ணது இது. இத்தப் போயி..." என்றார்.

தேவராஜ் தகட்டோடு கூடத்தின் அந்தக் கோடியிலேயே நின்றார். நான் ஒரு கெட்ட சேதி கொண்டுவந்தவள்போல வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் மிகை என்பீர்கள். அழுதேன்.

அப்புறம் நடந்ததைத் தேவராஜ்தான் போனில் சொன்னார். எஸ்தர் டூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் அந்த அறையையும் சுரண்டிவிட்டார். உத்திரம் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே, பட்டிக்கு அடியில், விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் இருந்ததாம்.

"அவசரத்துல அன்னிக்கு நான்தான் மேடம் அத்தப் பட்டி வச்சி அமுக்கியிருக்கேன். அவ தல மாட்டுக்கு மேலதான் அது."

"எஸ்தர் அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதான் மேடம் பேஜாரு. வந்து பாத்தா. ரூம்ப சாத்திக்கினா. அதுலேர்ந்து என்கிட்ட பேச்சே இல்ல. சோறு போடுறா, துணி தொவச்சிக் குடுக்குறா. பேச்சு மட்டும் இல்ல."

அடுப்படி

மாசக் கடைசிக்குள் மறுபடி போனேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம், கடன் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்னால் விரிசலைத் தைத்து, உத்திரத்தை மாற்றி, சவுக்குக் கம்பைப் பிடுங்கிப் போட்டாயிற்று. துணிக்கடைக்காரர் வேறு மனை பார்த்துக்கொண்டார். இப்போதும் அந்த வீடு நிற்கிறது. எஸ்தரின் அம்மா நாற்காலி போட்ட இடத்தில் இன்று எஸ்தர் நாற்காலி போட்டுக்கொள்கிறார்.

எனக்கு மறக்காமல் இருப்பது அந்த மறு விசிட்தான்.

வீடு முழுக்கப் பார்த்தேன். எங்கும் வெறும் சுண்ணாம்பு. ஈரம் ஏறிய தடம், எலி போன வழி, எல்லாம் தெரிந்தது. வேஷம் கலைத்த முகம்போல இருந்தது வீடு. படுக்கை அறையில் அந்த நிறம் ஒரு துளிகூட மிச்சமில்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தார். தொழில்காரர் அல்லவா, எடுப்பதையும் அரைகுறையாக எடுக்கத் தெரியவில்லை.

"எல்லாம் சரியா இருக்குங்க. நான் எழுதிக் கொடுத்துடறேன்" என்றேன். தேவராஜ் கை கூப்பினார். எஸ்தர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, "டீ போடுறேன்" என்று பின்பக்கம் போனார். கணவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடன் கிடைத்த வீடு மாதிரியே இல்லை.

டீ குடிக்கப் பின்னால் போனோம். பின்பக்கச் சந்தோடு ஒட்டினாற்போல் சிமென்ட் கல்லில் கட்டிய ஓர் அடுப்படி. பூச்சு இல்லை. புகை ஏறிக் கிடந்தது. மேலே தகரம். எஸ்தர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார்.

தேவராஜ் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இது நாங்க வந்தப்புறம் கட்டுனது. சிமென்ட் கல்லு. இதுவும் ஒங்க பழைய கட்டடக் கணக்குல வருமா?"

"வராதுங்க. பழைய கட்டடம் அந்தப் பின்கட்டு வாசலோட முடிஞ்சிருச்சு. இதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப இங்க சுண்ணாம்புதான் அடிக்கணும்னு ஒண்ணும்..."

"ஒண்ணும் இல்லீங்க."

"என்னா கலரு வேணா அடிக்கலாமா?"

"உங்க இஷ்டம்."

மனைவியின் முதுகைப் பார்த்தார். அடுப்பில் டீ கொதித்து மேலே வந்தது. எஸ்தர் அதை இறக்கினார். வடிகட்டினார். முதல் டம்ளரை என்னிடம் கொடுத்தார். இரண்டாவது டம்ளரை எடுத்துக்கொண்டு, அத்தனை நாளைக்குப் பிறகு முதன்முதலாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, ரெண்டு கோட்டா அடிங்க."